மாப்பிள்ளையின் மூலை

ஈரமான பூட்ஸ் மரத்தரையில் உரசினால் என்ன சத்தம் வரும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்காது. ஒற்றை ஆள் நடந்தால் கீச்சென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஊரே எழுந்து ஒரே சமயத்தில் நடந்தால், எலிக்குஞ்சுகளைச் சாக்கில் போட்டுக் குலுக்கினதுபோல இருக்கும். எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது, இன்னும் காதைவிட்டுப் போகவில்லை. நல்ல கவிதை இரண்டு வரி மனப்பாடம் செய்தால் மறுவாரம் மறந்துபோகிறது. இந்தக் கண்றாவி மட்டும் தங்கிவிட்டது.

நீங்கள் கேட்டது என் வீட்டுக்காரரைப் பற்றி. நான் பூட்ஸைப் பற்றிச் சொல்கிறேன். இரண்டும் ஒன்றுதான், கேளுங்கள். உடுமலைப்பேட்டை போய்ச் சேர நேரம் இருக்கிறது. இந்த பஸ் போகிற அழகில் இன்னும் கூடுதலாகவே இருக்கும். தேர்தல் வேலைப் பயிற்சிக்குப் போவதாக நீங்கள் சொன்னதால்தான் வாயைத் திறந்தேன். இல்லாவிட்டால் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்திருப்பேன். நான் எல்லோரிடமும் பேசுகிறவள் இல்லை.

உங்களுக்கு என்ன, அட்டையால் ஒரு மறைப்பு வைத்து, விரலில் மை தடவி, உள்ளே அனுப்பிவிடுவீர்கள். உள்ளே போனவன் யாருக்குப் போட்டான் என்பது அவனுக்கும் அந்தப் பொத்தானுக்கும்தான் தெரியும். பெண்டாட்டிக்குக்கூடத் தெரியாது. அது எவ்வளவு பெரிய நாகரிகம் என்று இங்கேயே இருக்கிற உங்களுக்கு விளங்காது. நாங்கள் இருந்தது அமெரிக்காவில், அயோவா மாநிலத்தில். அங்கே, கட்சியின் சார்பில் ஜனாதிபதி தேர்தலுக்கு யாரை நிறுத்துவது என்று முடிவு செய்ய, கொட்டுகிற பனியில் ஒரு சாயங்காலம் எல்லோரும் பள்ளிக்கூடத்து விளையாட்டுக் கூடத்துக்குப் போக வேண்டும். ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு மூலை. சுவரில் பெயர் ஒட்டியிருக்கும். உனக்கு யாரைப் பிடிக்கிறதோ அந்த மூலையில் போய் ஊர் பார்க்க நிற்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரன் பார்ப்பான். உன் பல்லைப் பிடுங்கின டாக்டர் பார்ப்பார். அப்புறம் தலையை எண்ணுவார்கள். நூற்றுக்குப் பதினைந்து பேராவது சேராத மூலையைக் கலைத்துவிடுவார்கள். கலைந்தவர்கள் வேறு மூலைக்குப் போகலாம், வீட்டுக்கும் போகலாம். இதற்குப் பெயர் காக்கஸ். மக்களாட்சியின் சிகரம் என்று பேப்பரில் எழுதுவார்கள். நம் மாட்டுச் சந்தையில் தரகன்கூடத் துண்டுக்குள் கையை மறைத்துத்தான் விலை பேசுகிறான். அவனுக்கு இருக்கிற கூச்சம் அவர்களுக்குக் கிடையாது.

என் வீட்டுக்காரர் பெயர் சிதம்பரநாதன். கோபிச்செட்டிபாளையத்துக்காரர். அங்கே ஒரு விதைக் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் வேலை. என்ன வேலை என்று கேட்டால் சிரிப்பீர்கள். மக்காச்சோள விதையை ஈரத்தாளில் சுருட்டி வைத்து, சில நாள் கழித்துப் பிரித்து, எத்தனை முளைத்திருக்கிறது என்று பார்க்கிற வேலை. முப்பது வருஷத்துக்கு மேல் அதையே செய்தார். நான் கோயம்புத்தூரில் ஆங்கில இலக்கியம் எம்.ஏ. படித்தவள். பேராசிரியை ஒருத்தி என் கட்டுரையை வகுப்பில் உரக்க வாசித்துக் காட்டினாள். அப்படிப்பட்டவள், முளைத்தது முளைக்காதது என்று பேசுகிற மனிதரோடு, சாப்பாட்டு மேசையில் ஒரு ஆயுளைக் கழித்தேன். குறை சொல்லவில்லை. நல்ல மனிதர். குரலே எழும்பாது. கூட்டத்தில் நின்றால் பின்னால் இருக்கிற திரைச்சீலைதான் கண்ணில் படும். அப்படி ஒரு நல்ல மனிதர்.

அவர் ஓய்வு பெற்ற வருஷம்தான் அந்த ஆள் ஜனாதிபதி ஆகக் கிளம்பினார். ஏதோ ஒரு தென் மாநிலத்துக் கவர்னர். பெயர் எதற்கு, சொன்னாலும் உங்களுக்குத் தெரியப்போவதில்லை. நான் அவருக்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்திருந்தேன். எப்போது பார்த்தாலும் வரவேற்பு மேடையில் நிற்கிற மாப்பிள்ளை மாதிரியே இருப்பார். சட்டைக் கையை முழங்கைவரை மடித்திருப்பார், ஆனால் அந்த மடிப்பை யாரோ இஸ்திரி போட்டு மடித்திருப்பார்கள். குரல் இருக்கிறதே, அது ஒரு குரல்தான், இல்லையென்று சொல்லமாட்டேன். எனக்குக் காது உண்டு. ஆனால் எந்த ஊரில் பேசினாலும் ஒரே வாக்கியத்துக்கு முன்னால் ஒரே அளவு நிறுத்துவார். அந்த இடைவெளியில் ஒரு தும்மலைத் தும்மி மூக்கையும் துடைத்துவிடலாம். ஜனங்கள் அதில் சொக்கிப்போய்க் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். எனக்கு டெலிவிஷனை அணைக்கத் தோன்றும்.

எங்கள் ஊர்க் காப்பிக் கடைக்கு அவர் ஒரு நாள் வந்தார். அங்கே அப்படித்தான், ஜனாதிபதி ஆக நினைக்கிறவன் தெருத்தெருவாக வந்து காப்பிக் கடையில் கை கொடுக்க வேண்டும். என் வீட்டுக்காரர் வேடிக்கை பார்க்கப் போனார். திரும்பி வந்தவர் கோட்டைக்கூடக் கழற்றாமல் சமையலறை வாசலில் நின்றார்.

மாப்பிள்ளை இவரிடம் என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்டாராம். இவர் சொன்னாராம். உடனே அந்த மனிதர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, முளைக்காமல் போன விதையை என்ன செய்வீர்கள் என்று கேட்டாராம். கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தாராம். பின்னால் கேமராக்காரர்கள் இடித்துக்கொண்டு நிற்கிறார்கள், அவர் நகரவே இல்லையாம்.

“முப்பது வருஷத்துல ஒருத்தர்கூட அதைக் கேட்டதில்லை வல்லி” என்றார்.

ஓட்டுக் கேட்க வருகிறவன் எதைத்தான் கேட்க மாட்டான், பன்றி வளர்க்கிறவனிடம் பன்றிக்கு என்ன பிடிக்கும் என்றுகூடக் கேட்பான் என்று சொல்லிவிட்டு நான் குக்கரை இறக்கினேன். இவர் அவருக்கு என்ன பதில் சொன்னார் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. எனக்கு வேலை இருந்தது.

அதிலிருந்து பிடித்தது. வாசலில் பனிக்குள் மாப்பிள்ளையின் பெயர்ப்பலகையை நட்டார். சாயங்காலமானால் போனை எடுத்துக்கொண்டு தெரியாதவர்களோடெல்லாம் பேசினார். என்னோடு பேசாத அளவு பேசினார். மாப்பிள்ளையின் பிரசார வேலைக்குச் சம்பளத்துக்கு வந்திருந்த ப்ரூக் என்ற பெண் வாரத்துக்கு மூன்று தடவை வந்து, வரவேற்பறைக் கம்பளத்தில் பூட்ஸ் தண்ணீரைச் சொட்டவிட்டு, என் இட்லிப்பொடியைக் கரண்டியால் தின்றாள். எங்கள் பேட்டைக்கு மாப்பிள்ளையின் தலைவர் இவர்தான் என்று ஒரு பட்டமும், சட்டையில் குத்திக்கொள்ள ஒரு பட்டையும் கொடுத்தாள். அறுபது வயதுக்கு மேல், கண்ணாடி முன்னால் நின்று அந்தப் பட்டையைச் சட்டையில் குத்திப் பார்த்த மனிதரை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். எனக்குப் பரிதாபமாகக்கூட இருந்தது.

கண்டக்டர் மீதிச் சில்லறை கொடுத்துவிட்டாரா உங்களுக்கு? சரி.

எங்கள் பேட்டையில் தமிழ்க் குடும்பங்கள் கொஞ்சம் உண்டு. எல்லோரிலும் பெரிய மனிதர் டாக்டர் பாலகுரு, இதய டாக்டர். அவர் எந்தக் கார் வாங்குகிறாரோ மற்றவர்கள் அதற்கு அடுத்த வருஷம் அதை வாங்குவார்கள். அவர் மனைவி மீனலோசனி, என்னை அக்கா என்று கூப்பிடுவாள். அவ்வளவு மரியாதை. கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிற தமிழ்மணி என்று ஒருவன், அவன் பெண்டாட்டி, இப்படிச் சிலர். என் வீட்டுக்காரர் இவர்களை எல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிடக் கூப்பிட்டார். மாப்பிள்ளைக்கு ஆள் பிடிக்க. சமையல் நான். எலுமிச்சை சேவை, தேங்காய் சேவை, மோர்க்குழம்பு. நான் மனப்பூர்வமாகச் சமைத்தேன். அவருடைய கிறுக்குக்காக என் கை ருசியைக் குறைத்துக்கொள்ள முடியுமா?

சாப்பிட்டுக்கொண்டே பேசினார்கள். மாப்பிள்ளை ஜெயிப்பாரா, மாட்டாரா. ஒரு ஆளாவது அவர் நல்லவரா, சொல்வதைச் செய்வாரா என்று பேச வேண்டுமே. ஜெயிப்பாரா, ஜெயிப்பாரா, அதேதான். மீனலோசனி அவர் பேசியதைக் கேட்டு அழுதுவிட்டதாகச் சொன்னாள். தமிழ்மணி அவர் பேச்சைப் போனில் வைத்துக்கொண்டு காரில் போகும்போது கேட்கிறானாம். டாக்டர் ஒரு படி மேலே போனார்.

“ஆள் பிரமாதம் அண்ணா. இந்த மாதிரி ஒருத்தன் வந்து எவ்வளவோ காலம் ஆச்சு. ஆனா ஜெயிக்க மாட்டான்.”

இவர் ஏன் என்று கேட்டார். இந்த ஊர் விவசாயிகள் போட மாட்டார்கள் என்றார் டாக்டர். அவர்களுக்கெல்லாம் போட்டியில் இருக்கிற இன்னொருத்தி, அந்த மூத்த செனட்டர் அம்மாள்தான் சரி. கணக்கு வழக்குத் தெரிந்தவள், பழைய ஆள், நவம்பரில் வருகிற ஜனாதிபதி தேர்தலில் எதிர்க்கட்சியை எதிர்த்து நிற்கக் கூடியவள். நமக்குப் பிடித்து என்ன பண்ண, அவர்களுக்குப் பிடிக்க வேண்டாமா என்றார்.

வெர்னான் போடுவதாகச் சொன்னாரே என்று இவர் சொன்னார். வெர்னான் ஒரு கிழ விவசாயி, காதில் கருவி மாட்டியிருப்பவர். விதை முளைக்கவில்லை என்று வருஷாவருஷம் இவர் ஆய்வுக்கூடத்துக்குச் சண்டைக்கு வந்து, அப்படியே பழக்கமானவர். அந்த வெர்னான் இவரிடம் என்ன சொன்னார் தெரியுமா? எங்கள் ஆட்களுக்கெல்லாம் கவர்னரைப் பிடிக்கிறது, ஆனால் உங்கள் டாக்டர் கூட்டம் அவருக்கு வராது, அதனால் எங்களில் பாதிப் பேர் செனட்டர் அம்மாளிடம் போய்விடுவார்கள் என்றாராம்.

இவர் கையில் சேவையோடு அப்படியே நிறுத்தினார்.

“அப்ப உங்களுக்குப் புடிச்சிருக்கு டாக்டர். அவங்களுக்கும் புடிச்சிருக்கு. அப்புறம் யாருக்குத்தான் புடிக்கல?”

மீனலோசனி, மோர்க்குழம்பில் என்ன அரைத்துவிட்டீர்கள் அக்கா என்று என்னிடம் கேட்டாள்.

பிறகு கிளம்பும்போது இவர் வாசலில் நின்று ஒவ்வொருவரையும் கேட்டார். நம் மூலைக்கு வந்துவிடுவீர்கள்தானே? டாக்டர் இவர் தோளில் கை போட்டு, “உங்களுக்கு இல்லாமலா அண்ணா” என்றார். தமிழ்மணி, கண்டிப்பாக வருகிறோம் அங்கிள் என்றான். மீனலோசனி, சேவைக்காகவாவது வர வேண்டாமா என்று சிரித்தாள். எல்லோரும் பாத்திரத்தில் மீதிச் சேவையை எடுத்துக்கொண்டு போனார்கள்.

நீங்களே சொல்லுங்கள். சாப்பிட்ட வீட்டு வாசலில் நின்றுகொண்டு எந்தத் தமிழனாவது மாட்டேன் என்று சொல்வானா? கை ஈரம் காயவில்லை. கல்யாணத்துக்கு வாருங்கள் என்று பத்திரிகை கொடுத்தால், அன்றைக்கு வெளியூர் போகிறேன் என்று முகத்துக்கு நேரே சொல்கிறோமா? ஆஹா, வராமல் இருப்போமா என்கிறோம். கூப்பிட்டவனுக்கும் தெரியும், சொன்னவனுக்கும் தெரியும். பச்சைக்குழந்தைக்குத் தெரியும். இந்த மனிதர் வெள்ளைக்காரனோடு இருந்து இருந்து அதை மறந்துவிட்டார். அங்கே ஒருவன் வருகிறேன் என்றால் வருவான், மாட்டேன் என்றால் மாட்டான். இவரும் அப்படி ஆகியிருக்கிறார், அவருக்கே தெரியவில்லை. எனக்குத் தெரியும். டாக்டர் “உங்களுக்கு இல்லாமலா” என்று இழுத்த இழுப்பிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

உடனே ப்ரூக்குக்குப் போன் செய்தார். நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் ஆட்கள் எல்லோரும் உறுதி என்றார். அவள், கல்லூரிப் பிள்ளைகளை வேனில் அனுப்பி இந்தப் பேட்டையில் வீடு வீடாகக் கூட்டிவரச் சொல்லட்டுமா என்று கேட்டிருக்கிறாள். வேண்டாம், எங்களுக்குத் தேவையில்லை, வேறு பேட்டைக்கு அனுப்பு, அங்கே கஷ்டப்படுகிறார்களே என்றார். பெருந்தன்மை. குரலே எழும்பாத மனிதர், அன்றைக்குக் கொஞ்சம் எழும்பியது.

போனை வைத்துவிட்டு என்னிடம் வந்தார். எல்லாரும் வர்றாங்க வல்லி என்றார். சந்தோஷம் என்றேன். நீயும் வந்துரு, என் பக்கத்துல நில்லு என்றார். பார்க்கலாம் என்றேன்.

பார்க்கலாம் என்பது வாக்குறுதி இல்லை. நீங்கள் அப்படிப் பார்க்காதீர்கள். டாக்டர் சொன்னது வேறு, நான் சொன்னது வேறு. நான் பார்க்கலாம் என்றேன். பார்த்தேன்.

அவரிடம் சொல்லியிருக்கலாமே என்று என் மகளும் கேட்டாள். அவள் சியாட்டிலில் இருக்கிறாள், எப்போதும் அப்பா பக்கம். நான் எதற்குச் சொல்ல வேண்டும்? பேட்டைக்குத் தலைவர் அவரா, நானா? பட்டையைக் குத்திக்கொண்டவருக்குத் தெரிய வேண்டாமா?

காக்கஸ் அன்றைக்கு இவர் மத்தியானமே கிளம்பிப் போனார், நாற்காலி போட. போகிறபோது முறுக்கு கேட்டார். ஒவ்வொரு மூலையிலும் பிஸ்கட், கேக் என்று வைத்து ஆள் இழுப்பார்கள், அது அங்கே வழக்கம். நம் மூலையில் நம் பண்டம் இருக்கட்டும், நம் ஆட்களுக்குப் பிடிக்கும் என்றார். சுட்டுக் கொடுத்தேன். நன்றாகவே வந்திருந்தது. நான் மீனலோசனியோடு அவர்கள் காரில் போனேன்.

கூடத்துக்குள் நுழைந்தால் வெக்கை. ஊரே கோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றது. பாஸ்கெட்பால் கூடைக்குக் கீழே மாப்பிள்ளையின் பெயரை ஒட்டி, இவர் பழுப்புக் கோட்டும் டையுமாக நின்றார். பக்கத்தில் ஒரு மேசை, தட்டு நிறைய முறுக்கு. எங்களைப் பார்த்ததும் கையைத் தூக்கினார். பள்ளி நூலகத்து அம்மாள்தான் அன்றைக்குத் தலைமை. அவள் மைக்கில், இப்போது அவரவர் இடத்துக்குப் போகலாம் என்றாள். அப்போதுதான் அந்தச் சத்தம். கீச், கீச், கீச் என்று எல்லாத் திசையிலும்.

எங்கள் ஆட்கள் நேராகக் கூடைக்குக் கீழேதான் போனார்கள். ஆமாம். போய், அண்ணா எப்படி இருக்கீங்க, கூட்டம் பரவாயில்லையே என்று விசாரித்து, ஆளுக்கு இரண்டு முறுக்கை எடுத்துக்கொண்டு, கடித்துக்கொண்டே எதிர்ப் பக்கம் செனட்டர் அம்மாளின் மூலைக்கு நடந்தார்கள். டாக்டர் முன்னால், மற்றவர்கள் பின்னால். கல்யாண வீட்டில் மணமேடைக்குப் போய்க் கை குலுக்கிவிட்டுப் பந்திக்குப் போகிற மாதிரி. ஒருவர் முகத்திலும் ஒரு சங்கடம் இல்லை. எனக்கு அருவருப்பாக இருந்தது. நான் முறுக்கு எடுக்கவில்லை.

நான் எங்கே நின்றேன் என்று கேட்கிறீர்கள். செனட்டர் அம்மாளிடம்தான். ஆனால் நான் டாக்டரைப் பார்த்துப் போகவில்லை. அந்த அம்மாள் பேச்சில் ஜோடனை இல்லை, எண்களைப் படிப்பாள், உட்கார்ந்துவிடுவாள். யோசிக்கிறவர்கள் அவளைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். தற்செயலாக எல்லோரும் அங்கே இருந்தார்கள்.

எண்ண ஆரம்பித்தார்கள். அங்கே எப்படி எண்ணுவார்கள் என்றால், மூலையில் நிற்கிறவர்களே ஒவ்வொருவராக அடுத்த எண்ணை உரக்கச் சொல்ல வேண்டும். எங்கள் மூலையில் அது போய்க்கொண்டே இருந்தது, கனத்த குரல், கீச்சுக் குரல், தமிழ்மணியின் குரல். கூடைக்குக் கீழே சட்டென்று முடிந்துவிட்டது. வெர்னான், அவரோடு வந்த சில கிழவர்கள், ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிற ஒரு பெண், அவள் தங்கை. கடைசி எண்ணைச் சொன்னது இவர். சொல்லிவிட்டு, பின்னால் இன்னும் யாராவது இருக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார். சுவர்தான் இருந்தது.

நூலகத்து அம்மாள் கவர்னரின் மூலை தேறவில்லை என்று அறிவித்தாள். மாற்றி நிற்க அவகாசம் கொடுத்தாள். உடனே டாக்டர் இங்கிருந்தே கையைத் தட்டி, “அண்ணா, இங்க வந்துருங்க. நம்ம ஆளுங்க எல்லாம் இங்கதான் இருக்கோம்” என்றார். எண்ணி முடிந்து உட்கார்ந்திருந்த நான், என் கோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன், பக்கத்து நாற்காலியில் அவர் உட்கார வேண்டுமே என்று. அதையும் குறித்துக்கொள்ளுங்கள். நான் இடம் வைத்தேன்.

இவர் வந்தார். கூடத்தை நடுவில் கடந்து, எல்லோரும் பார்க்க வந்தார். கோபமாக வந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். ஈரத்தாளைப் பிரித்துப் பார்க்கிற முகத்தோடு வந்தார்.

“வர்றேன்னு சொன்னீங்களே டாக்டர்” என்றார்.

டாக்டர் சிரித்தார். மனசு முழுக்க உங்களோடதான் அண்ணா, என்ன பண்ண, ஜெயிக்கிற இடத்தில் நின்றால்தானே நமக்கும் நல்லது என்றார். தமிழ்மணி செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். மீனலோசனி வாயில் முறுக்கு இருந்தது, அதனால் தலையை மட்டும் ஆட்டினாள்.

இவர் அவர்களை விட்டுவிட்டு என் முன்னால் வந்து நின்றார்.

“இவங்க வரமாட்டாங்கன்னு உனக்குத் தெரியுமா வல்லி?”

“யாருக்குத்தான் தெரியாது?” என்றேன்.

அந்தக் கூடத்தில் அன்றைக்கு உண்மை பேசிய ஒரே ஆள் நான்தான். இதை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. அத்தனை பேரும் பொய் சொன்னார்கள், நான் ஒருத்தி மட்டும் நேராகக் கேட்டதற்கு நேராகப் பதில் சொன்னேன். அதற்காக என்னை ஏதோ செய்துவிட்டவள் மாதிரிப் பார்த்தால் நான் என்ன செய்ய முடியும்? அவர் சரி என்றார். சரி என்று மட்டும்தான் சொன்னார். நான் வைத்திருந்த நாற்காலியைப் பார்த்தார். பிறகு திரும்பிக் கூடைக்குக் கீழே போய்விட்டார்.

வீட்டுக்குப் போய்விடுவார் என்று நினைத்தேன். அவர் சுபாவம் அதுதான். மகள் கல்யாணத்தில் சம்பந்தி ஒரு வார்த்தை சொன்னதற்குக் காரில் போய் உட்கார்ந்துகொண்ட மனிதர். ஆனால் போகவில்லை. வெர்னானிடம் குனிந்து காதில் ஏதோ சொன்னார். வெர்னான் கருவியைத் திருகிக்கொண்டு இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். அப்புறம் எல்லோரையும் அழைத்துக்கொண்டு மூன்றாவது மூலைக்குப் போனார்.

மூன்றாவது மூலையில் போட்டியில் இருந்த ஒரு தொழிற்சங்கத்துக்காரனின் ஆட்கள். அவர்களும் தேறவில்லை, கொஞ்சம்தான் குறைந்தது. இவர் அவர்களிடம் பேரம் பேசினார். நம்பமாட்டீர்கள், என் வீட்டுக்காரர் பேரம் பேசினார். கத்திரிக்காய்க்காரியிடம் கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு வருகிறவர். நாங்கள் உங்களோடு வந்தால் நீங்கள் தேறிவிடுவீர்கள், ஆனால் மாவட்ட மாநாட்டுக்குப் போகிற பிரதிநிதிகளில் ஒரு இடம் எங்களுக்கு என்றாராம். அவர்கள் ஒப்புக்கொண்டார்கள். அங்கே அது சகஜம், தேறின மூலைகளுக்குத்தான் தலைக்கணக்குப்படி பிரதிநிதிகளைப் பங்கிடுவார்கள். திரும்ப எண்ணியதில் அந்த மூலை தேறிவிட்டது. அதனால் எங்கள் செனட்டர் அம்மாளுக்குப் போக வேண்டிய ஒரு பிரதிநிதி குறைந்துபோனது. டாக்டருக்கு முகம் சுருங்கிவிட்டது. என்ன அக்கா, அண்ணா இப்படிப் பண்ணிட்டார் என்று மீனலோசனி என்னிடம் வருத்தப்பட்டாள். நானும் வருத்தப்பட்டேன். எங்கள் மூலையைத்தானே குறைத்தார்.

பிரதிநிதி யார் என்று கேட்டதும் வெர்னான் இவரைக் கையால் முன்னே தள்ளினார்.

அன்றைக்கு இவர் எங்களோடு திரும்பவில்லை. வெர்னானிடம் லாரி மாதிரி ஒரு வண்டி இருக்கும், அதில் ஏறிப் போனார். முறுக்குத் தட்டை மறந்துவிட்டார். நான்தான் எடுத்து வந்தேன். காலியாக இருந்தது.

அதற்கப்புறம் சண்டை என்று எதுவும் இல்லை. நீங்கள் அப்படி ஏதாவது நினைத்துக்கொள்ள வேண்டாம். என்ன சமையல் என்று கேட்பார், சாப்பிடுவார், தட்டைக் கழுவி வைப்பார். என்னிடம் எதுவும் கேட்பதை மட்டும் விட்டுவிட்டார். முன்பெல்லாம் இந்த டை போடவா, இந்தக் கடிதம் சரியாக இருக்கிறதா என்று ஓயாமல் என்னைத்தான் கேட்பார், எனக்கு எரிச்சலாக வரும். இப்போது போட்டுக்கொண்டு போய்விடுவார். கடிதத்தை அனுப்பிவிட்டுச் சொல்வார், சில சமயம் சொல்லவும் மாட்டார்.

வீட்டுக்கு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். முதலில் வெர்னான். பிறகு அந்த ஆஸ்பத்திரிப் பெண், அவள் தெருவில் பனி அள்ளும் வண்டி கடைசியாகத்தான் வருகிறதாம். இன்னொருவன் சாக்கடை அடைத்துக்கொண்டு வீட்டுக்குள் தண்ணீர் வந்ததைச் சொல்ல வந்தான். என் வரவேற்பறையில் உட்கார்ந்து சாக்கடை பேசினார்கள். இவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கேள்வி கேட்பார். கேட்டுவிட்டுக் காத்திருப்பார். எங்கே கற்றுக்கொண்டார் என்று எனக்குத் தெரியாதா? மாப்பிள்ளையின் மட்டமான வித்தை. இவர்களுக்கெல்லாம் நான் காப்பி போட வேண்டுமா என்று ஒரு நாள் கேட்டேன். வேண்டாம் என்று அவரே போடக் கற்றுக்கொண்டார். தண்ணீர்க் காப்பிதான், அவர்களுக்கு அது போதும்.

நான் ஒரு வருஷத்துக்கு மேல் பார்த்தேன். தங்கை மகள் கல்யாணத்துக்கென்று கோயம்புத்தூர் வந்தேன். தங்கிவிட்டேன். இங்கே வெயில் இருக்கிறது, நூலகம் பக்கத்தில் இருக்கிறது, காலையில் யாருடைய பூட்ஸ் தண்ணீரையும் துடைக்க வேண்டியதில்லை. அவர் விமான நிலையம்வரை வந்து பெட்டியை ஏற்றிவிட்டார். திரும்பி வா என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பார்க்கலாம் என்றிருப்பேன். மாதம் ஒரு தடவை பேசுகிறோம். உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்பார்.

மாப்பிள்ளை என்ன ஆனார் என்று கேட்கிறீர்கள். என்ன ஆவார், இரண்டு மாநிலம் தோற்று மார்ச் மாதமே விலகினார். எங்கே பேசினாலும் விட்ட அந்த இடைவெளியை அன்றைக்கும் விட்டார். ஜெயிக்க மாட்டார் என்று நாங்கள் சொன்னது பலித்தது. இல்லை, செனட்டர் அம்மாளும் ஜெயிக்கவில்லை. நவம்பரில் எதிர்க்கட்சிக்காரனிடம் தோற்றாள். ஜெயிப்பாள் என்றுதான் எல்லோரும் அவளிடம் நின்றோம். அதைப் பற்றி டாக்டர் வீட்டில் யாரும் பேசுவதில்லை. யோசித்து நின்றவர்கள் தோற்பதும் ஒரு கௌரவம்தான்.

அதோ, உங்கள் நிறுத்தம் வந்துவிட்டது. பையை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்காரரைக் கேட்டீர்களே, அதைச் சொல்லிவிடுகிறேன். போன நவம்பரில் அவரை அந்த ஊர் நகர்மன்றத்துக்கு மூன்றாவது முறையாகத் தேர்ந்தெடுத்தார்கள். எதிர்த்து யாரும் நிற்கவில்லை.